முதலில் எந்த வாசல்?

இலங்கையின் புல்மோட்டையைப் போன்ற கடலோர ஊர்களில், நடுநிசியில் ஒரு வீட்டுப் பெரியவருக்கு மார்பு நோவு கண்டு, நெற்றியில் வியர்வை அரும்பி, இடது கை கடுக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கியதும், முற்றத்தில் கூடிவிடுகிற உறவினரிடையே ஒரு வாக்குவாதம் எழுவது வழக்கம். "வாப்பாவ நேர திருகோணமலைக்குக் கொண்டு போவம், இங்க வெச்சு என்ன செய்யப் போறாங்க?" என்பான் மூத்த மகன். "முதல்ல நம்மட ஆஸ்பத்திரியில காட்டுங்க மகன், போற வழியில ஒண்டு ஆகிட்டா என்ன செய்யிற?" என்பார் அயல்வீட்டு முதியவர். இருவரும் அன்பினால்தான் பேசுகிறார்கள். இருவரிடத்திலும் நியாயமும் இருக்கிறது. பெரிய வைத்தியசாலையில் விசேட வைத்தியர்கள் இருக்கிறார்கள், கருவிகள் இருக்கின்றன என்பது மகனுடைய நியாயம். தெற்கே திருகோணமலை ஐம்பது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது என்பது முதியவருடைய நியாயம். இவ்விரண்டில் எது சரி என்பதை ஆவேசத்தினாலன்றிக் கணக்கினால் நிச்சயிக்க முடியுமா என்று ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

புல்மோட்டையை வெளியுலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் அதன் மணலினால். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் முதலிய தாதுக்கள் செறிந்த அந்தக் கரிய மணலை அகழ்வதற்கென்றே 1957ஆம் ஆண்டில் ஓர் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. வடக்கே கொக்கிளாய்க் களப்பும், கிழக்கே திறந்த கடலும், மேற்கே வயலும் காடுமாக அமைந்த இவ்வூரின் மக்கள் மீன்பிடியையும் கமத்தையும் நம்பி வாழ்பவர்கள். கடலில் விபத்து, வயலில் பாம்புக்கடி, வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்து, வயதானவர்களுக்கு மாரடைப்பு என்று அவசர சிகிச்சையின் சகல வகைகளும் இங்கே நேர்கின்றன. நேராத ஒன்றே ஒன்று, பெரிய வைத்தியசாலை பக்கத்தில் இருக்கும் அதிர்ஷ்டம்.

பயன் என்னும் அளவுகோல்

ஒரு சிகிச்சை நல்லதா என்று கேட்பது வேறு. அது பயனுள்ளதா என்று கேட்பது வேறு. மைக்கேல் போர்ட்டர், எலிசபெத் தைஸ்பெர்க் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 2006இல் வெளியிட்ட நூலொன்றில், வைத்தியத்தின் பயனை அளப்பதற்கு ஒரு தெளிவான வழியைச் சொன்னார்கள்: நோயாளி அடைந்த நலம் எவ்வளவு, அதற்காகச் செலவானது எவ்வளவு, இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அது. எத்தனை பரிசோதனைகள் நடந்தன, எத்தனை கட்டில்கள் நிரம்பின, எத்தனை மாடிகள் எழுந்தன என்பவை இந்த அளவுகோலில் நலத்தின் பக்கம் இடம்பெறமாட்டா. அவையெல்லாம் செலவின் பக்கத்தைச் சேர்ந்தவை. நோயாளி எழுந்து வீட்டுக்கு நடந்து போனாரா, மறுபடியும் கடலுக்குப் போக அவருக்குத் தெம்பு இருந்ததா என்பவைதாம் நலத்தின் பக்கம்.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நோயாளி பணம் செலுத்துவதில்லை. ஆகையால் செலவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. அரசின் மருந்துக் களஞ்சியத்திலிருந்து குறைந்துபோகும் ஒவ்வொரு குப்பியும் செலவு. தாதி ஒருவர் ஒரு நோயாளியிடத்தில் செலவிடும் கால் மணி நேரம் இன்னொரு நோயாளிக்குக் கிடைக்காத கால் மணி நேரம். அவசர சிகிச்சையில் இவற்றுக்கெல்லாம் மேலான செலவு ஒன்று உண்டு. அதுதான் காலம். காய்ச்சல்காரருக்கு ஒரு மணி நேரத் தாமதம் வெறும் சிரமம். இருதய இரத்தக்குழாய் அடைபட்டவருக்கோ அதே ஒரு மணி நேரம் மீளப் பெறமுடியாத தசையின் நஷ்டம். அவசர சிகிச்சையின் பயனை உயர்த்துவதென்றால், முதலாவதாக, நிமிடங்களை எங்கே செலவிடுகிறோம் என்பதைத் திருத்துவதுதான்.

மணற்கரையில் ஒரு வைத்தியசாலை

இந்த உண்மையைப் புல்மோட்டை மிகக் கொடிய வகையில் அறிந்த காலம் ஒன்று உண்டு. உள்நாட்டு யுத்தத்தின் இறுதி மாதங்களில், 2009ஆம் ஆண்டு பெப்ரவரி முதற்கொண்டு, யுத்த வலயத்துக்குள் இருந்த புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரையும் நோயுற்றோரையும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாக வெளியேற்றியது. முதலில் திருகோணமலைக்குச் சென்ற அந்தப் பயணங்கள் மார்ச் மாதத்தின் நடுப்பகுதியில் புல்மோட்டையை நோக்கித் திரும்பின. இந்திய அரசு அனுப்பிய மருத்துவக் குழுவொன்று அவ்வேளையில் இங்கே ஓர் அவசரக் கள வைத்தியசாலையை அமைத்தது. பின்னர் அது வவுனியா மாவட்டத்தில் அகதிகள் தங்கவைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் பகுதிக்கு மாற்றப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் வரையில் இயங்கியது. இரண்டு இடங்களிலுமாக ஏறத்தாழ 50,000 பேர் அதனிடத்தில் சிகிச்சை பெற்றனர்.

ஒரு கப்பலில் நூற்றுக்கணக்கானோர் ஒருசேர வந்திறங்கும்போது, வந்த ஒழுங்கிலே பார்ப்பது என்னும் சாதாரண நியாயம் அநியாயமாகிவிடுகிறது. வரிசையின் முன்னால் நிற்பவன் பெரும்பாலும் நிற்கக்கூடியவன். நிற்கமாட்டாதவனே முதலில் பார்க்கப்பட வேண்டியவன். ஆகையால் வைத்தியர்கள் வந்தவர்களை உடனே மூன்று நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள்: இப்போதே கைவைக்காவிட்டால் உயிர் பிரியக்கூடியவர் சிவப்பு; சற்றுப் பொறுக்கக்கூடியவர் மஞ்சள்; நெடுநேரம் பொறுக்கக்கூடியவர் பச்சை. இந்த முறையை நாம் இங்கே 'அவசரத் தரம்பிரிப்பு' என்று குறிப்போம். நெப்போலியனுடைய சேனையில் அறுவை வைத்தியராயிருந்த டொமினிக் ழான் லாரே என்பவர், காயத்தின் கடுமையைப் பார்க்க வேண்டுமேயன்றிக் காயமுற்றவனின் பதவியைப் பார்க்கலாகாது என்று வற்புறுத்தி, யுத்தகளத்திலேயே காயமுற்றோரைத் தூக்கிவர விரைவான குதிரை வண்டிகளையும் ஏற்படுத்தினார். சேனாதிபதிக்கும் சிப்பாய்க்கும் நடுவே வைத்தியன் காயத்தை மட்டுமே பார்க்க வேண்டும் என்ற அந்தக் கொள்கை, அரசுகளும் சேனைகளும் மாறியபின்னும், இன்று உலகத்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நிலைபெற்றிருக்கிறது.

தரம்பிரிப்பின் சிறப்பு என்னவென்றால், அதற்குக் கட்டடமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு தாதி, நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் இரத்த அழுத்தத்தையும் நினைவையும் சில நிமிடங்களில் பார்த்து முடிவு சொல்ல முடியும். செலவு அற்பம்; காப்பாற்றும் உயிர்களோ பல. பின்னால் வந்தவரை முன்னால் அழைத்துப் போகிறார்களே என்று வாங்கிலில் அமர்ந்து மனம் புழுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: உங்களைக் காத்திருக்கச் சொல்வது, உங்களுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்று வைத்தியசாலை தெரிவிக்கும் நற்செய்தியுமாகும். அதை வாய்திறந்து சொல்லிவிடும் பழக்கம் எல்லா வைத்தியசாலைகளிலும் வந்துவிட்டால் பாதி மனக்குறை அங்கேயே தீரும் என்பது என் அபிப்பிராயம்.

வரிசையின் சாஸ்திரம்

காத்திருப்பைப் பற்றி ஒரு சாஸ்திரமே உண்டு. கொப்பன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பெனியில் வேலைபார்த்த ஏர்லாங் என்னும் டென்மார்க்குக் கணிதர் 1909இல் அதற்கு அத்திவாரமிட்டார். எப்பொழுது யார் அழைப்பார் என்று தெரியாத தொலைபேசி நிலையத்துக்கும், எப்பொழுது யார் வருவார் என்று தெரியாத அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் கணிதத்தில் பேதமில்லை.

ஒரே வைத்தியர், ஒரு நோயாளிக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர் மணிக்கு ஆறு பேரைப் பார்க்க வல்லவர். மணிக்கு மூவர் வந்தால், இந்தச் சாஸ்திரத்தின் மிக எளிய கணிப்பின்படி, சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம். மணிக்கு ஐவர் வந்தால் ஐம்பது நிமிடம். வருவோர் தொகை இரட்டிப்பதற்கு முன்பே காத்திருப்பு ஐந்து மடங்காகிவிட்டதைக் கவனியுங்கள். ஆறு பேர் வரத் தொடங்கினாலோ, வைத்தியரின் திறமைக்கும் வருகைக்கும் கணக்குச் சரியாயிருக்கிறது என்று தோன்றினாலும், வரிசை நீண்டுகொண்டே போகும். ஏனெனில் யாரும் வராத பத்து நிமிடத்தை வைத்தியர் சேமித்துவைக்க முடியாது. மூவர் ஒருசேர வந்த பத்து நிமிடத்தின் சுமையோ அடுத்தடுத்த மணிகளுக்கும் தொடரும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் நம்முடைய சிக்கன புத்திக்கு எதிரானது. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில் காலியாயிருப்பதையும், ஒரு தாதி சற்று ஓய்வாயிருப்பதையும் கண்டு வீண்செலவு என்று கணக்காளர் நினைக்கலாம். உண்மையில் அந்தக் காலிக் கட்டில்தான் அடுத்து வரப்போகும் சிவப்பு நோயாளியின் உயிர். எல்லாக் கட்டில்களும் எப்பொழுதும் நிரம்பியிருக்கும் பிரிவு சிறப்பாக இயங்கும் பிரிவன்று. அடுத்தவரை ஏற்க இயலாத பிரிவு அது.

நெரிசலுக்குக் காரணம் பலவேளை முன்வாசலில் இராமல் பின்வாசலில் இருப்பதையும் இங்கே சொல்லவேண்டும். வார்ட்டில் கட்டில் கிடைக்காததால் அவசரப் பிரிவிலேயே படுத்திருக்கும் நோயாளியே புதிதாய் வருபவரின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார். வார்ட்டிலிருந்து வீடு செல்லக்கூடியவர்களைக் காலையிலேயே அனுப்பிவைப்பது, அவசரப் பிரிவுக்கு ஒரு மாடி கட்டுவதைவிட அதிகப் பலனைத் தரும் சந்தர்ப்பங்கள் உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் இரவில் வருகிறார்களே என்று மக்களை நொந்துகொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. பகலில் வெளிநோயாளர் பிரிவு திறந்திருக்கும் நேரத்தில் கடலிலோ வயலிலோ இருந்தவன், அது மூடியபின் வேறெங்கே போவான்?

இருதயத்தின் கடிகாரம்

இனி நம்முடைய முற்றத்துக்கு வருவோம். மாரடைப்பின்போது நடப்பது என்ன? இருதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கொழுப்புப் படலம் ஒன்று திடீரென வெடிக்கிறது. அந்த வெடிப்பைக் காயமென்று கருதி, உடம்பு தன் வழக்கப்படி இரத்தத்தை அவ்விடத்தில் உறையச் செய்கிறது. உறைந்த கட்டி குழாயை அடைத்துவிடுகிறது. விரல் வெட்டுப்பட்டபோது நம்மைக் காக்கும் அதே சக்தி இங்கே பிராணாபத்தாகிறது. குழாய்க்கு அப்பாலுள்ள தசை, உள்ளடுக்கிலிருந்து வெளியடுக்கை நோக்கி, சில மணி நேரங்களில் படிப்படியாக மடிகிறது. இந்த அடைப்பை இரண்டு வழிகளில் நீக்கலாம். மெல்லிய குழலைச் செலுத்தி அடைப்பை நேரடியாகத் திறப்பது ஒன்று. அதற்கு விசேட கூடமும் நிபுணரும் வேண்டும். நாளத்தின் வழியே கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்துவது மற்றொன்று; இதற்கு இருதயத்தின் மின்துடிப்பைத் தாளில் பதிவுசெய்யும் ஈசிஜி இயந்திரமும், மருந்தும், பயிற்சி பெற்ற வைத்தியரும் போதும்.

கட்டி கரைக்கும் மருந்தைப் பற்றி இத்தாலியில் நடந்து 1986இல் வெளியான ஜிஸ்ஸி ஆய்வில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் இடம்பெற்றனர். நோவு தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து பெற்றவர்களிடையே மரணம் 23 வீதம் குறைந்தது. மூன்று முதல் ஆறு மணிக்குள் பெற்றவர்களிடையே 17 வீதம். ஆறு மணிக்குப் பிறகு அந்த ஆய்வில் பயன் தென்படவில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடையேயோ மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே மருந்து, அதே அளவு, அதே விலை. பயனை மாற்றியது கடிகாரம் ஒன்றே.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1988இல், ஐசிஸ்-2 என்னும் இன்னும் பெரிய ஆய்வு 17,187 நோயாளிகளைக் கொண்டு நடந்து முடிந்தது. அஸ்பிரின், கட்டி கரைக்கும் மருந்து ஆகிய இரண்டும் பெறாதவர்களில் ஐந்து வாரங்களுக்குள் இருதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் நூற்றுக்குப் பதின்மூவர். இரண்டும் பெற்றவர்களில் எண்மர். அஸ்பிரின் மட்டுமே பெற்றவர்களிடத்திலும் மரணம் கணிசமாகக் குறைந்திருந்தது. மிக மலிவான ஒரு மாத்திரையினால் நூறு பேரில் இருவரைக் காக்க முடிந்தது என்பதைக் காட்டிலும் சிகிச்சைப் பயனுக்குச் சிறந்த திருஷ்டாந்தத்தை நான் அறியேன்.

இரண்டு வழிகள், ஒரு கணக்கு

முற்றத்தில் எழுந்த வாக்குவாதத்தைக் கடிகாரத்தின் முன் வைத்துப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் வகுத்தவை. உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

இரவு ஒரு மணிக்கு நோவு தொடங்குகிறது. வாய்வாக இருக்கும் என்று எண்ணி, இஞ்சித் தேநீர் கொடுத்து, மார்பைத் தடவிவிட்டு ஒரு மணி நேரம் கழிகிறது. இரண்டு மணிக்கு விவகாரம் முற்றுகிறது. வாகனம் கிடைப்பதற்கு மேலும் இருபது நிமிடம்.

மகனின் சொற்படி நேரே திருகோணமலைக்குப் புறப்படுகிறார்கள். வீதியில் படுத்திருக்கும் மாடுகளையும் இருட்டையும் கருதி ஓட்டவேண்டியிருப்பதால் ஒன்றேகால் மணி நேரமாகிறது. 3.35க்கு வைத்தியசாலை வாசல். பத்து நிமிடத்தில் ஈசிஜி. 4.05க்கு மருந்து உடம்பில் ஏறுகிறது. நோவு தொடங்கியதிலிருந்து மூன்று மணி ஐந்து நிமிடம். வழியில் அவருக்கு ஓர் அஸ்பிரினும் கிடைக்கவில்லை என்பதும், இருதயத்தின் ஒழுங்கான துடிப்புக் குலைந்து வெறும் நடுக்கமாகிவிட்டால் அதை மின்னதிர்ச்சியால் மீட்கும் கருவி அந்த வாகனத்தில் இல்லை என்பதும் தனி ஆபத்து. மாரடைப்பு மரணங்களில் பெரும்பகுதி முதற்சில மணிகளில் இந்த நடுக்கத்தினாலேயே நேர்வதால், இதைச் சிறிய விஷயமென்று தள்ளிவிட முடியாது.

முதியவரின் சொற்படி உள்ளூர் வைத்தியசாலைக்குப் போகிறார்கள் என்போம். 2.30க்கு வாசல். 2.40க்கு ஈசிஜி, அப்பொழுதே அஸ்பிரினை மென்று விழுங்கச் செய்கிறார்கள். ஈசிஜி தாளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துத் திருகோணமலை வைத்தியருக்கு அனுப்பி, மூளை இரத்தக்கசிவோ அண்மைய அறுவை சிகிச்சையோ இருந்ததா என்பன போன்ற தடைகளைக் கேட்டறிந்து, 3.00க்கு மருந்தைச் செலுத்துகிறார்கள். 3.20க்கு நோயாளர் காவு வண்டி தெற்கு நோக்கிப் புறப்படுகிறது, 4.35க்குத் திருகோணமலையை அடைகிறது.

முதற்கணக்கில் பெரிய வைத்தியசாலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தவர், சிகிச்சையை ஒரு மணி நேரம் பின்னதாகப் பெற்றார். இரண்டாம் கணக்கில் பிந்திச் சேர்ந்தவரோ நோவு தொடங்கி இரண்டாம் மணியிலேயே சிகிச்சையைப் பெற்றுவிட்டார். செல்லுமிடத்துக்கு விரைவாய்ச் சேர்வதும் சிகிச்சையை விரைவாய்ப் பெறுவதும் வேறு வேறு என்பதை முற்றத்து மகன் அறிந்திருக்கவில்லை.

ஆனால் மூன்றாம் வழி ஒன்றும் இருக்கிறது. அதை மறைப்பது அறமாகாது. உள்ளூர் வைத்தியசாலையில் 2.30க்குச் சேர்த்தும், ஈசிஜி எடுக்க ஆளில்லாமலோ, மருந்து இல்லாமலோ, முடிவெடுக்கும் துணிவில்லாமலோ, "காலையில் பார்ப்போம்" என்று கிடத்திவைத்து, ஏழு மணிக்கு மேல் மாற்றியனுப்பினால், இது மற்ற இரண்டையும்விடக் கேடானது. மகன் அஞ்சியதும் இதைத்தான். சிறிய வாசல் சிறந்த வாசலாவது, அங்கே முதற்காரியங்கள் உடனே நடக்கும்போதும், அங்கே இயலாததை உடனே இயலாதென்று சொல்லி அனுப்பும்போதும் மாத்திரமே. மருந்து இல்லாத இடத்தில்கூட ஈசிஜியும் அஸ்பிரினும் ஒரு தொலைபேசி அழைப்பும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் வீணாவதில்லை, ஏனெனில் மறுமுனையில் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

தமிழ்நாட்டில் நடந்தது

இது ஏட்டளவான கணக்கன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையைச் சேர்ந்த டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய ஒரு திட்டம் தமிழ்நாட்டில் இதைச் செய்து காட்டியது. சிறிய வைத்தியசாலைகளைக் கிளைகளாகவும், குழல் சிகிச்சைக் கூடமுள்ள பெரியவற்றை மையங்களாகவும் இணைத்து, கிளையிலேயே ஈசிஜி எடுத்து, அதை மையத்துக்கு அனுப்பி, தகுந்தவர்களுக்குக் கட்டி கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுத்து, பிறகு 108 என்னும் அவசர ஊர்தியில் மையத்துக்கு மாற்றி, மூன்று முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இருதயக் குழாய்களைப் படமெடுத்துப் பார்ப்பது அதன் ஒழுங்கு.

திட்டத்துக்கு முன்னும் பின்னுமாக 2,420 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவுகளில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 வீதத்திலிருந்து 14.2 வீதத்துக்குக் குறைந்திருந்தனர். முன்பின் ஒப்பீடாதலால், இடைக்காலத்தில் மாறிய வேறு காரணங்களுக்கும் இதில் பங்கு இருந்திருக்கக்கூடும் என்பதைச் சொல்லிவிடுவது முறை. ஆயினும் குறிப்பிடத்தக்கது என்னவென்றால், அவர்கள் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்தவற்றை ஒழுங்காக இணைத்தார்கள். அதே தமிழ்நாடு, வீதி விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் செலவில் அளிக்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கியது. பணம் கட்டுவது யார் என்ற விசாரணையில் முதல் மணி நேரம் கழிந்துவிடலாகாது என்பதே அதன் நியாயம்.

எல்லா நோய்க்கும் ஒரே விடையா?

இல்லை. வாய் கோணி, ஒரு பக்கக் கையும் காலும் சோர்ந்து, பேச்சுக் குழறும் பக்கவாதத்தில், மூளைக் குழாய் அடைபட்டிருக்கிறதா வெடித்திருக்கிறதா என்பது சிடி ஸ்கேன் இல்லாமல் தெரியவராது. முன்னதற்கு அமிர்தமாகும் மருந்து பின்னதற்கு நஞ்சு. அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நான்கரை மணி நேரமே வழக்கமான எல்லை. ஆகையால் ஸ்கேன் இல்லாத வாசலில் அதிக நேரம் தங்குவது தவறு. அங்கே சுவாசத்தையும் இரத்தச் சீனியையும் பார்த்துவிட்டு உடனே புறப்பட வேண்டும்.

பாம்புக்கடியிலோ சிறிய வைத்தியசாலையின் மேன்மை இன்னும் தெளிவாகும். கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தின் உறையும் சக்தியை அழிக்கிறது. இதை அறிவதற்குச் சுத்தமான, ஈரமில்லாத ஒரு கண்ணாடிக் குழாயும் கடிகாரமும் போதும்: சிறிதளவு இரத்தத்தை அதில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. இலங்கையில் பயன்படும் விஷமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருவது, விலையுயர்ந்தது, சிலருக்குக் கடும் ஒவ்வாமையையும் உண்டாக்குவது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதைப் போலவே, யாருக்குக் கொடுக்கத் தேவையில்லை என்று அறிவதும் உயிர்காக்கும் அறிவு. அந்த அறிவை ஒரு கண்ணாடிக் குழாய் தருகிறது.

பாலமும் தொலைபேசி எண்ணும்

வைத்தியத்துக்கு வெளியே இருக்கும் சில காரியங்களும் வைத்தியமேயாகும். திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்கு வரும் வீதியில் இறக்கக்கண்டி முதலிய நீர்முகங்களை மிதவைப் பாதையில் ஏறிக் கடக்கவேண்டியிருந்த நாட்களை ஊரவர் மறந்திருக்க மாட்டார்கள். பாதை மறுகரையில் நின்றால் நோயாளியும் இக்கரையில் நிற்க வேண்டியதுதான். யுத்தத்துக்குப் பின் அங்கே எழுந்த பாலங்கள், எந்த மருந்துப் பட்டியலிலும் இடம்பெறாவிட்டாலும், இந்தப் பிரதேசத்தின் அவசர சிகிச்சைக்குக் கிடைத்த பெரும் உபகாரம்.

அதைப் போன்றதே 1990 என்னும் எண். 'சுவசெரிய' என்ற அந்த இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, 2018இல் யாழ்ப்பாணத்தில் அங்குரார்ப்பணமான இரண்டாம் கட்டத்துடன் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. அதே ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தினால் ஒரு மன்றமாகவும் நிலைபெற்றது. இந்த வண்டி வெறும் வாகனமன்று. பிராணவாயுவும் பயிற்சி பெற்ற உதவியாளரும் அதில் வருகிறபடியால், சிகிச்சை நம்முடைய முற்றத்திலேயே தொடங்கிவிடுகிறது. வண்டி தொலைவில் இருக்கும் வேளையில் என்ன செய்வதென்று அழைப்பை எடுப்பவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

எழுதப்படாத நிமிடங்கள்

பெரும்பாலான வைத்தியசாலைகளில் நோயாளியின் பெயரும் வயதும் முகவரியும் எழுதப்படுகின்றன. நோவு தொடங்கிய நேரம், வாசலுக்கு வந்த நேரம், ஈசிஜி எடுத்த நேரம், மருந்து ஏறிய நேரம் ஆகிய நான்கும் ஒரே தாளில் ஒழுங்காக எழுதப்படுவது அரிது. இந்த நான்கு நேரங்களையும் ஒரு வருஷம் எழுதிவந்து, மாதம் ஒருமுறை வைத்தியரும் தாதியரும் சாரதியும் ஒன்றாக அமர்ந்து பார்த்தால், எந்த இடத்தில் நிமிடங்கள் கசிகின்றன என்பது யாரையும் குற்றஞ்சாட்டாமலே தெரிந்துவிடும். ஈசிஜி இயந்திரம் பூட்டிய அறையில் இருக்கலாம். அதன் தாள் தீர்ந்துபோயிருக்கலாம். சாரதியை எழுப்புவது யார் என்பது நிச்சயமில்லாதிருக்கலாம். இவற்றைத் திருத்துவதற்கு வெளிநாட்டு உதவி தேவையில்லை.

ஊர்ப் பள்ளிவாசல், கோயில், மீனவர் சங்கங்களை நடத்துகிறவர்கள் உள்ளூர் வைத்தியசாலையின் பொறுப்பதிகாரியைக் கண்டு, இரவு இரண்டு மணிக்கு ஈசிஜி எடுக்க முடியுமா, கட்டி கரைக்கும் மருந்து அலுமாரியில் இருக்கிறதா, திருகோணமலையில் யாரை அழைப்பது என்று முன்கூட்டியே கேட்டறிந்து தம்மவருக்குச் சொல்லிவைக்க வேண்டும். வாசகராகிய உங்களிடம் வேண்டிக்கொள்வது இதுதான்: உங்கள் வீட்டில் ஒருவருக்கு மார்பில் இறுக்கமான நோவு கண்டு பதினைந்து நிமிடத்துக்குள் தணியாவிட்டால், வாய்வென்று சமாதானம் சொல்லி விடியும்வரை இருத்திவைக்காதீர்கள்; 1990ஐ அழையுங்கள்; நோவு தொடங்கிய நேரத்தை ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டு போய், வாசலில் நிற்கும் தாதியிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.